பழப்புளி போட்டு மினுக்கிய கோது

சாமி கும்பிடுகிற ஆள் நான் இல்லை. ஆனாலும் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டுச் சாமித்தட்டில் எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். இடப்பக்கம் பிள்ளையார், நடுவில் முருகன், வலப்பக்கம் அண்ணனின் படம். பத்தொன்பது வயது, அரும்பு மீசை, படம் எடுப்பதற்காகச் சிநேகிதனிடம் வாங்கிப் போட்ட சட்டை. படத்துக்கு முன்னால் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பித்தளைக் குழாய் நிற்கும். அதன் வாய்க்குள்தான் அம்மா ஊதுபத்தியைச் செருகுவார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அதை ஊதுபத்தி குத்துகிற சாமான் என்று நினைப்பார்கள். எங்கே வாங்கினது என்றுகூட ஒருவர் கேட்டார். அது ரவைக் கோது, துப்பாக்கித் தோட்டாவின் கூடு. துவக்கு சுட்டதும் வெளியே துப்பிவிடுகிற வெற்றுக் கோது. அண்ணனைச் சுட்ட ரவையின் கோது. ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அவர் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது.

அம்மா அதை மிளகாய்த்தூள் பேணிக்குள் புதைத்து, எத்தனையோ சென்றிச் சோதனை தாண்டி, கொழும்பு தாண்டி, லண்டனுக்குக் கொண்டுவந்தார். ஊரிலும் சரி, இங்கேயும் சரி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் பழப்புளி போட்டு மினுக்குவார். துணியின் நுனியை முறுக்கி வாய்க்குள்ளும் விட்டுத் துடைப்பார். முப்பத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வெள்ளிக்கிழமைகள். எனக்கு அதைப் பார்க்க எரிச்சல் வரும். பிள்ளையைக் கொன்ற சாமானைப் போய் இப்படிச் சீராட்டுகிறாரே என்று இருக்கும். நடுவில் ஒரு நெளிவு மட்டும் எத்தனை மினுக்கியும் போகவில்லை. கேட்டால், "விழுந்து நெளிஞ்சது" என்பார்.

நடந்தது என்று நாங்கள் நம்பியது இதுதான். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. ஆமி அண்ணனைப் பிடித்துப் போய் இரண்டு நாள் தன் முகாமில், காம்பில், வைத்திருந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டது. நான்காம் நாள் காலையில் அவர் ஒழுங்கையில் சுடப்பட்டுக் கிடந்தார். அவர் எத்தனை மணிக்கு எந்த ஒழுங்கையால் போவார் என்று ஆமிக்கு யார் சொன்னது? காம்புக்கு எதிரே சோடாக்கடை வைத்திருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்தான். வேறு யார் இருக்கிறார்கள்? அவர் சென்றியில் நிற்கிறவர்களோடு சிரித்துக் கதைப்பார். வெற்றுப் போத்தலும் பழைய பித்தளையும் வாங்கி விற்கிறவர், காம்புக்குள்ளும் போய்வருவார். அன்று சத்தம் கேட்டு முதலில் ஓடிப்போய் அண்ணனைத் தூக்கியதும் அவரே. அவர் மட்டும் எப்படி முதலில் போனார்? நெருப்பில்லாமல் புகையுமா? செத்தவீடு முடிவதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காட்டிக்கொடுத்தவன்.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். லண்டனில் அந்த ஊர்வாய் நான்தான். அந்த மனிதரும் பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, ஃபாரஸ்ட் கேட்டில் மரக்கறிக் கடை போட்டார். கோயிலில், கலியாணவீட்டில், சாவி வெட்டுகிற என் கடை வாசலில், எங்கள் ஊர்க்காரர் யாரைக் கண்டாலும் நான் விடமாட்டேன். "அவன்ர கடையில முருங்கைக்காய் வாங்கித் தின்னுறியளோ? நல்லாச் செமிக்கும்" என்பேன். கொஞ்சப் பேர் போகாமல் விட்டார்கள். அவருடைய மனைவி செத்தபோது சடங்குக்கு எட்டோ ஒன்பதோ பேர்தான் போனார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் செய்தேன். அவருக்கு ஒரே மகள். அண்ணன் சாகும்போது கைக்குழந்தை. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஹரோவில் ஒரு மாப்பிள்ளை சரிவந்தது. எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் என்றால் படிப்பு, சாதகம் எல்லாம் பார்த்தாலும் கடைசியில் ஊர் விசாரணை வேண்டும். பெண்ணின் ஊர்க்காரர் லண்டனில் யார் இருக்கிறார் என்று தேடிப்பிடித்துப் போன் எடுப்பார்கள். மாப்பிள்ளையின் தாய் எனக்கு எடுத்தார்.

"பிள்ளை தங்கமான பிள்ளை. தகப்பனைப் பற்றி நான் ஒண்டும் சொல்லமாட்டன். நீங்கள் அறிஞ்சு செய்யுங்கோ" என்றேன்.

இப்படிச் சொன்னால் யார்தான் விடுவார்கள்? துருவித் துருவிக் கேட்டார். நானும் விருப்பமில்லாதவன் மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு கிழமைக்குள் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்தவையும் எப்படியோ நின்றுபோயின. நான் போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனபோது அம்மா சிங்கடியில் நின்று கோதை மினுக்கிக்கொண்டிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இனி மலேசியாக்காரர் கதை. ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறார், கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். ஒரு இரும்பு அலுமாரிக்குச் சாவி வெட்ட என் கடைக்கு வந்துதான் பழக்கம். தமிழ்ப் பேச்சுக் கேட்டதும் விடமாட்டேன் என்று அரைமணி நேரம் நின்றார். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. லைசன்ஸ் எடுத்து, கிளப்பில் சேர்ந்து, குறி வைத்துச் சுடுவது. சுட்ட கோதுகளை எறியாமல் சேர்த்துக் கழுவி, தன் கராஜில் வைத்துத் திரும்ப வெடிமருந்து அடைத்துப் பாவிப்பார். போதாததற்கு, பட்டாளங்கள் சுட்டுக் கழித்த பழைய கோதுகளைக் கிலோக் கணக்கில் மூட்டையாக வாங்குவார். திரும்ப அடைப்பதற்கு முன் ஒவ்வொரு கோதையும் பார்க்க வேண்டும். அடையாளம் பார்க்காமல் அடைத்தால் முகத்துக்கு முன்னால் வெடிக்கும்.

அவருக்குக் கண்ணில் கேட்டராக்ட். ஒப்பரேஷனுக்குத் திகதிக்காகக் காத்திருந்தார். கண் தெளியும்வரைக்கும் சுடப் போவதில்லை, ஆனால் கோதுகளையாவது தரம் பிரித்து வைக்க வேண்டும் என்று துடித்தார். எனக்கு இருபது வருடம் பித்தளையோடு சீவியம். சாவியில் ஒரு மயிரிழை பிசகினாலும் பூதக்கண்ணாடி இல்லாமலே சொல்லுவேன். "வந்து பாத்துக் குடுங்க பிரதர், சோறு போடுறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் எலிசபெத் லைனில் போய், ஃபாரிங்டனில் மாறி, அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

துவக்குச் சாமான் என்றால் எனக்குக் கை கூசாதா என்று என் மனைவி கேட்டாள். கூசியது. முதல் நாள் மூட்டையை மேசையில் கொட்டியபோது வந்த சத்தத்துக்குக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். ஆனால் பார்க்கத் தொடங்கினால் அது வெறும் வேலைதான். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே வளையம்போல ஒரு மினுக்கம் தெரிந்தால் உள்ளே பித்தளை மெலிந்துவிட்டது என்று அர்த்தம். கடதாசிக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்து உள்ளே விட்டு இழுத்தால் பள்ளத்தில் தட்டும். தட்டினால் குப்பை வாளி. கழுத்தில் மயிர் வெடிப்பு, குப்பை வாளி. வாய் நசுங்கியது பரவாயில்லை, நிமிர்த்தலாம். இப்படி மூன்று ஞாயிறு போயின. நான்காம் ஞாயிறு அவர் புதிதாக வாங்கிய மூட்டையை அவிழ்த்தோம்.

கை விட்டு அள்ளினேன். எல்லாக் கோதிலும் நெடுக்குவாட்டில் கறுப்புக் கோடு. விறகு அடுப்பில் வைத்த சட்டியின் கரி மாதிரி. நகத்தால் சுரண்டினால் லேசில் போகவில்லை. நடுவில் ஒரு நெளிவு வேறு.

"இதில என்னமோ கறுப்பாத் தெரியுதே, என்னா பிரதர் அது?" என்றார்.

"நெடுகக் கோடு. சுத்திவர இருக்கு."

"எத்தனை கோடு, எண்ணுங்க."

எண்ணினேன். பன்னிரண்டு.

"அப்ப அது ஜெர்மன் துப்பாக்கி. ரவை போய் உக்காருற குழிக்குள்ள நீளமாப் பள்ளம் வெட்டியிருப்பான். சுடுறப்போ புகை அந்தப் பள்ளத்து வழியா வந்து கோடு போட்டுரும். வெளிய தள்ளுற வேகத்தில துப்பாக்கி உடம்பிலேயே அடிபட்டு நெளியும். வேற எந்தத் துப்பாக்கியும் இந்த மாதிரி கையெழுத்துப் போடாது. இது நமக்கு வேணாம், ஒதுக்கி வைங்க" என்றார்.

நான் அந்த நெளிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குத் தெரிந்த நெளிவு. கோதின் அதே இடம், அதே அளவு. அந்தத் துவக்கின் படத்தைக் காட்டச் சொன்னேன். போனில் தேடிக் காட்டினார்.

எனக்கு அந்தத் துவக்கையும் தெரியும். எங்கள் ஊரில் ஆமி அதை வைத்திருக்கவில்லை. அதே நீள ரவைதான், ஆனால் ஆமியின் துவக்கு வேறு. கோடு விழாத துவக்கு அது என்று மலேசியாக்காரர் கேட்டவுடன் சொன்னார். ஜெர்மன் துவக்கைத் தூக்கிக்கொண்டு திரிந்தவர்கள் எங்கட ஆக்கள், ஆமியோடு சண்டை பிடித்த இயக்கப் பெடியள். பின்னேரங்களில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தண்ணீர் குடிக்க வருவார்கள். துவக்கைக் கமுகில் சாத்திவிட்டுக் கால் கழுவுவார்கள். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். அம்மா அவர்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்.

அன்று நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். ரயிலில் என்னோடு நானே வாதாடினேன். ஆமி அதைப் பறித்து வைத்திருக்கக் கூடாதா? வேறு யாரோ சுட்ட கோது முதலே அங்கே கிடந்திருக்கக் கூடாதா? ஒரு கிழமை முழுவதும் இதே கதைதான். ஆனால் காம்புக்குப் போய் இரண்டு நாளில் உயிரோடு திரும்பி வந்தவனை அந்த நாட்களில் யார் சந்தேகப்படுவார்கள் என்று எனக்கு விளங்காமல் இல்லை. என்ன சொல்லிவிட்டு வெளியே வந்தான் என்று கேட்டிருப்பார்கள். இல்லை, கேட்காமலே சுட்டிருப்பார்கள்.

வீட்டில் யாரும் இல்லாதபோது சாமித்தட்டிலிருந்து கோதை எடுத்துக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நெளிவு அப்படியே இருந்தது. கோடு ஒன்றுகூட இல்லை. புளியும் துணியும் அம்மாவின் பெருவிரலும் சேர்ந்து பித்தளையின் தோலையே உரித்திருந்தன. அந்தக் கோதில் இருந்த ஒரே சாட்சியை என் தாய் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாகக் கழுவிச் சிங்குக்குள் ஊற்றியிருந்தார். தெரியாமல் செய்துவிட்டாரே, பாவம் என்றுதான் நினைத்தேன்.

கேட்காமலும் விட்டிருக்கலாம். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. ஆனால் என் மூத்த மகளுக்கு இப்போது கலியாணம் பேசுகிறோம். எங்களைப் பற்றியும் யாரோ யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நினைக்கிற நேரமெல்லாம் அந்த மனிதரின் மகள் நினைவுக்கு வந்தாள். அவர் காட்டிக்கொடுக்கவில்லை என்றால் நான் செய்த வேலைக்கு என்ன பெயர்?

அம்மா புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். கோதைக் கொண்டுபோய் முன்னால் வைத்தேன்.

"அம்மா, இது முதன்முதல் உங்கட கைக்கு வரேக்கை இதில கோடு இருந்ததோ?"

"என்ன கோடு?"

"கறுப்புக் கோடு. நெடுக. சுத்திவர."

கை நின்றது.

"ஓம், இருந்தது" என்றார். "லேசில போகேல்லை. மூண்டு நாள் புளியில ஊறப்போட்டுத்தான் போனது."

"அது ஆரின்ர துவக்கில விழுகிற கோடு எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

யார் சொன்னது என்று கேட்டேன்.

"அவன்தான், சோடாக்கடைக்காரன். பித்தளை வாங்கி விக்கிறவனுக்கு இது தெரியாதே? அவன்தான் இதைக் கொண்டுவந்து என்ர கைக்குள்ள வைச்சு, விரலை மடிச்சுப் பொத்தினவன். 'ஆமி செய்ததெண்டே இருக்கட்டும் அம்மா. எங்கட ஆக்கள் எண்டு தெரிஞ்சா செத்த பிள்ளைக்குத் துரோகிப் பட்டம். நீங்கள் ஞாயம் கேக்கப் போனா நாளைக்குச் சின்னவனையும் விடமாட்டாங்கள். கோட்டை அழிச்சுப்போடுங்கோ' எண்டவன்."

சின்னவன் நான்தான்.

"பிறகு ஊர் அவரையே காட்டிக்குடுத்தவன் எண்டேக்கை?"

"அவன் வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை. திறந்தா உன்னை எல்லோ குடுக்கவேணும்."

"சரி, ஊரில பயம். இஞ்ச வந்தாப் பிறகு என்ன பயம்?"

"இஞ்ச வருசா வருசம் நினைவுநாளுக்கு ஹோலில, ஆமி கொண்ட பிள்ளையெண்டு கொண்ணன்ர படம் வைச்சுப் பூப்போடினம், விளக்குக் கொளுத்தினம். அந்தச் சனத்துக்கு முன்னால நான் என்னெண்டு சொல்லுறது?"

"நான் அந்தப் பிள்ளையின்ர கலியாணத்தைக் குழப்பேக்கை நீங்கள் குசினிக்குள்ள நிண்டு கேட்டுக்கொண்டுதானே இருந்தனீங்கள்?"

குழைத்த மாவைத் திரும்பக் கையில் எடுத்து, "மாக் காயுது" என்றார்.

என் வாழ்க்கையில் முதல் தடவையாக அம்மாவைப் பார்த்துக் கத்தினேன். இதை மறைக்கிறதென்றால் ஊரிலேயே கிணற்றுக்குள் எறிந்திருக்கலாமே, ஏன் லண்டன்வரைக்கும் காவிக்கொண்டு வந்தீர்கள் என்று கத்தினேன். "அவனோட கிடந்தது இது ஒண்டுதான்" என்று மெல்லச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. இன்றுவரைக்கும் முழுதாக ஆறவில்லை. ஆனால் போனில் பேசியது அம்மா இல்லை. அது என் வாய். தாய் மறைத்ததற்குக் காரணம் நான் உயிரோடு இருக்க வேண்டும் என்பது. நான் சொன்னதற்கு என்ன காரணம்? சொல்லச் சொல்ல இனித்தது, அவ்வளவுதான்.

இல்ஃபோர்ட்டிலிருந்து ஃபாரஸ்ட் கேட் இரண்டாவது ஸ்டேஷன். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். கோது சட்டைப் பைக்குள் கிடந்தது. கடையில் கூட்டம் இல்லை. மகள் கல்லாவடியில் நின்று முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். காதோரம் நரை தெரிந்தது. அவர் உள்பக்கம் வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சிறு மேசைக்கு முன்னால் இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார். வயதான ஆள் எழும்புகிற மாதிரி, மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"அப்பா, ஆரிது?" என்றாள் மகள்.

"எங்கட ஊர். பக்கத்து வீடு" என்றார் அவர். "இரும் தம்பி."

இருந்தேன். பையிலிருந்து கோதை எடுத்து மேசையில் வைத்தேன். அவர் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெருவிரலால் நெளிவைத் தடவினார்.

"கொம்மா நல்லா மினுக்கி வைச்சிருக்கிறா" என்றார்.

"அம்மா எல்லாம் சொன்னவ. எனக்கு நேற்றுவரைக்கும் ஒண்டும் தெரியாது அண்ணை."

"அது பழங்கதை. விடும்" என்றார். அந்தரப்படுகிற விருந்தாளியைச் சமாளிக்கிற மாதிரி உடனே கதையை மாற்றினார். "பிள்ளையள் எத்தினை?"

"ரெண்டு. மூத்தவளுக்குப் பேசுறம்."

"நல்லது. நல்லா விசாரிச்சுச் செய்யும்" என்றார். வருகிற எவருக்கும் எவரும் சொல்லுகிற வார்த்தைதான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இவளுக்கும் ஹரோவில ஒண்டு நல்லாச் சரிவந்தது. ஆரோ என்னவோ போனில சொல்லிக் குழப்பிப்போட்டினம். ஆரெண்டு இண்டைவரைக்கும் தெரியாது. எங்களோட ஆருக்கு என்ன கோவமோ" என்றார்.

தெரியாதாம். இவ்வளவு நாளும் என்னைச் சந்தேகப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை. அவர் காப்பாற்றிய பிள்ளை அல்லவா நான்? எழும்பிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நினைத்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அது நான் அண்ணை" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "போனில சொன்னது நான்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிக் கல்லாப் பக்கம் மகளைப் பார்த்தார். அவள் குனிந்தபடி முருங்கைக்காய்க்கு றப்பர் வளையம் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் கோதை எடுத்து என் உள்ளங்கைக்குள் வைத்து, என் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பொத்தினார்.

"மெதுவாச் சொல்லும் தம்பி" என்றார். "பிள்ளைக்குக் கேக்கும்."